வலதை இடதாக்கி எழுதியவள்

எனக்கு நன்றாக எழுத வரும். தன்னடக்கம்தான் வராது, அதனால் இதை நேராகவே சொல்லிவிடுகிறேன்.

காது கேட்கும் கருவி பொருத்துவது என் வேலை. பதினாலு வருடமாக ஒரே மையம், ஒரே நாற்காலி. அதைப் பற்றியே ஆறு வருடமாக ஒரு வலைப்பூ எழுதி வந்தேன். வலைப்பூவின் பெயர் 'செவிவழிச் செய்தி'. எழுதுகிறவள் பெயர் 'காதுகாரி'. காதுகாரி நான்தான் என்று தெரிந்தவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். அவரும் மாதத்துக்கு ஒரு தடவைதான் படிப்பார், அதுவும் நான் முறைத்தால்.

எங்கள் மையம் பெரிதாக ஒன்றும் இல்லை. முன்னால் வரவேற்பு மேசை. அங்கே இருக்கிற பெண், நாள் முழுக்கக் காது கேளாதவர்களோடு பேசிப் பேசிக் குரல் ஏறிப்போனவள். அவள் ரகசியம் சொன்னால் எதிர்க்கடைக்காரர் தலையாட்டுவார். அவளை நாங்கள் மைக் என்று கூப்பிடுவோம், அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். மேசைக்குப் பின்னால் சத்தம் புகாத அறை. அதன் கதவு இடுப்பால் ஒரு இடி கொடுத்தால்தான் மூடும். மேடம் அங்கேதான் உட்கார வைத்துக் கேட்கும் திறனைச் சோதிப்பார். மையமே மேடத்துடையதுதான். கடைசியாக என் அறை. ஒரு கணினி, காதுக்குள் அச்சு எடுக்கிற பசை, கருவியின் அழுக்கைத் துடைக்கச் சின்னச் சின்னத் தூரிகைகள், இரண்டு நாற்காலி.

என் அறைக்கு வருகிறவர்கள் பேசித் தீர்ப்பார்கள். பல வருடம் கழித்து எதிரே இருக்கிறவள் சொல்வது அப்படியே காதில் விழுந்தால் மனிதருக்கு வாய் தானாகத் திறக்கிறது. மகன் மேல் கோபம், மருமகள் மேல் சந்தேகம், செத்துப்போன தம்பியோடு கடைசியில் போட்ட சண்டை, எல்லாம் வரும். நான் காது கொடுத்துக் கேட்பேன். மதியம் ஒரு மணிக்குச் சத்தம் புகாத அறைக்குள் போய்க் கதவுக்கு ஒரு இடி கொடுத்துவிட்டு, ஃபோனில் எழுதுவேன். அந்த அறையில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தால், மற்ற இடங்களிலெல்லாம் மனிதர்கள் எப்படித்தான் யோசிக்கிறார்களோ என்று இருக்கும்.

வேலையில் சேர்ந்தபோது ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வருகிறவர்களைப் பற்றி எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று. அதை நான் மீறவில்லை என்றுதான் ஆறு வருடமும் நம்பினேன். ஏனென்றால் என்னிடம் ஒரு முறை இருந்தது. எல்லாவற்றையும் திருப்பிப் போட்டுவிடுவேன். ஆணைப் பெண்ணாக்குவேன், மகளை மகனாக்குவேன், வலது காதை இடது காதாக்குவேன். எங்கள் தொழிலில் வலது காதுக் கருவிக்குச் சிவப்புப் புள்ளி, இடதுக்கு நீலம். என் பதிவில் சிவப்பெல்லாம் நீலமாகிவிடும். தொழில் என்னவென்பதையும் மாற்றிவிடுவேன். சொந்தக்காரரே படித்தாலும் தன்னைக் கண்டுபிடிக்க முடியாது என்று அந்த முறையில் எனக்கு அவ்வளவு பெருமை.

இப்போது கடிகாரக்காரருக்கு வருகிறேன். கைக்கடிகாரம் பழுது பார்த்து நாற்பது வருடம் கழித்தவர். அளந்து பேசுவார். வலது காதில் சிவப்புப் புள்ளிக் கருவி. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை சுத்தம் செய்ய வருவார். கருவியைக் கழற்றி என் கையில் வைக்கும்போதே, ஒரு திருகு கூடக் குறையக் கூடாது என்பது போல ஒரு பார்வை பார்ப்பார்.

கருவியைக் கணினியோடு இணைத்தால், ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை மணி நேரம் அதைப் போட்டிருந்தார்கள் என்று திரையில் வந்துவிடும். பலருக்கு இது தெரியாது. அவருக்கும் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை நான் கேட்டேன்.

"ஐயா, நாள் முழுக்கப் போட்டுக்கறேன்னு சொன்னீங்க. இதுல மூணு மணி நேரம்னு காட்டுதே."

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.

"காலைலயே கழட்டிடுவேம்மா" என்றார். "என் சம்சாரம் வெளிய போயிட்டு வந்ததும் சொல்ல ஆரம்பிப்பா. யாரைப் பாத்தா, அவ என்ன சொன்னா, இவ என்ன பதில் சொன்னா. நல்லவதான். நாப்பது வருஷம் கேட்டாச்சு. இப்ப தலையாட்டறேன், அவளுக்கு அது போதும். இது இந்த ரூமை விட்டுப் போக வேணாம்."

"போகாது ஐயா" என்றேன்.

திங்கட்கிழமை மதியம் ஒன்று பத்துக்கு அது போய்விட்டது. ஆனால் திருப்பிப் போட்டுத்தான் போனது. என் பதிவில் அவர் ஒரு அம்மாள், தையல் வேலை செய்தவர், இடது காதில் நீலப் புள்ளி. தினமும் சாயந்திரம் அவருடைய கணவர் செய்தித்தாளைச் சத்தமாகப் படித்து, படித்ததற்கு விளக்கமும் சொல்வார். விளக்கம் தொடங்கும்போது அம்மாள் தலைமுடியை ஒதுக்குவது போலக் கையைக் கொண்டுபோய்க் கருவியைக் கழற்றிவிட்டுத் தலையாட்டுவார். கழற்றியதை என்னிடம் கணினி காட்டிக்கொடுத்துவிட்டது என்பதையும் எழுதினேன். செய்தித்தாள் படிக்கிற கணவரை நான் எங்கேயும் தேடிப் போகவில்லை, அவர் என் வீட்டிலேயே இருக்கிறார்.

என் வீட்டுக்காரர் அந்தப் பதிவைப் படித்தார். நான் முறைக்காமலேயே படித்தார். "யாரு இந்த ஆளு? பாவம் அந்தம்மா" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் முறை எவ்வளவு உறுதியானது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வழக்கமாக என் பதிவை முந்நூறு பேர் படிப்பார்கள். இதை மூன்று வாரத்தில் நாற்பதாயிரம் பேர் படித்தார்கள். எனக்கும் அந்தக் கருவி வேண்டும், காது நன்றாகக் கேட்டாலும் பரவாயில்லை என்று பெண்கள் வரிசையாக எழுதினார்கள். மைக் கூட வேலைக்கு நடுவில் அதைப் படித்துக் காட்டினாள், எழுதியது நான் என்று தெரியாமல். கருவி போடாமல் காத்திருந்தவர்கள் கூடச் சிரித்தார்கள். நான் என் அறையில் தூரிகையை வைத்துக்கொண்டு தரையில் கால் பாவாமல் நின்றேன்.

நான்காவது வாரம் திங்கட்கிழமை காலையில், கையில் ஒரு தாளோடு ஒருவர் வந்தார். அவரை எனக்குத் தெரியும். ரயில் நிலையத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களிடம் கருவி போட்டுக்கொண்டிருப்பது அவருடைய மனைவி, மூன்று வருடமாக. இவர் கூட வந்து உட்கார்ந்து, மனைவியிடம் கேட்கிற கேள்விக்கெல்லாம் இவரே பதில் சொல்வார். நானும் மைக்கும் எங்களுக்குள் அவரை அறிவிப்பு என்று சொல்லுவோம்.

"இங்க காதுகாரி யாரு?" என்று அறிவிப்பு கேட்டார்.

மைக்குக்கு ஒன்றும் புரியவில்லை. "காது பாக்கறது மேடம், மிஷின் மாட்டறது அக்கா. நீங்க யாரைக் கேக்கறீங்க?"

அவர் தாளை மேசை மேல் விரித்தார். என் பதிவு. வரிக்கு வரி சிவப்பு மையில் அடிக்கோடு. அதோடு விட்டாரா? என்னுடைய பழைய பதிவுகளில் இருந்தும் நாலைந்து வரியை எடுத்து அடியில் எழுதியிருந்தார். இடுப்பால் இடித்தால்தான் மூடும் கதவு. ரகசியம் சொன்னால் எதிர்க்கடைக்காரர் தலையாட்டும் பெண். ஆறு வருடமாக ஆளை மாற்றினேன், ஊரை மாற்றினேன், காதை மாற்றினேன். அறையை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது என்னுடையது என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

மைக் அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நானா அக்கா இது?" என்று கேட்டாள். அன்றைக்கு அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

மேடம் வெளியே வந்தார். அறிவிப்பு அவரிடம், "என் சம்சாரம் இடது காது. தையல் தெரிஞ்சவ. நான் தினமும் பேப்பர் படிச்சுச் சொல்றவன். அவ மிஷினைக் கழட்டறான்னு இந்தம்மா ஊர் முழுக்க எழுதியிருக்கு. என் தங்கச்சி எனக்கே அனுப்பி, அண்ணா இது அண்ணி மாதிரி இல்லையான்னு கேக்கறா. வேற எங்கயாவது புகார் பண்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட வந்திருக்கேன்" என்றார். தட்டுத் தடங்கல் இல்லாமல் சொன்னார், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினார்.

தைக்கத் தெரிந்த அம்மாள்கள் எத்தனை பேர், செய்தித்தாளுக்கு விளக்கம் சொல்கிற கணவர்கள் எத்தனை பேர். நான் மறைப்பதற்காகக் கற்பனை செய்த வீட்டில் நிஜமாகவே ஒருவர் குடியிருந்தார். அது அவருடைய மனைவி இல்லை, ஒரு ஆண், வலது காது என்று சொன்னால் நான் தப்பித்துவிடுவேன். சொல்ல வாயைத் திறந்தேன். அதைச் சொன்னால் கடிகாரக்காரரை இரண்டாவது தடவை காட்டிக்கொடுப்பதாகும் என்று தோன்றியது. மூடிக்கொண்டேன்.

அறிவிப்பு போன பிறகு மேடம் என்னை உட்காரச் சொன்னார். மேடம் அதிகம் பேசுகிறவர் இல்லை. ஒரு நாளைக்கு இருபது பேருக்கு மெல்லிய சத்தங்களைக் கேட்க வைக்கிறவர், அவர் குரலும் அப்படித்தான் இருக்கும்.

"ஆறு வருஷமா?"

"ஆமா மேடம்."

"மதியம் அந்த ரூம்ல தூங்கறீங்கன்னு நினைச்சேன்" என்றார். பிறகு, "புதன்கிழமை ரெண்டு பேரையும் வரச் சொல்லியிருக்கேன். எழுதினது அவங்களைப் பத்தின்னா, நீங்க இங்க இருக்க முடியாது. இல்லன்னா, வேற யாருன்னு எனக்குக் காட்டுங்க. ஃபைலைக் காட்டினா போதும், இதோட முடிச்சுக்கலாம்" என்றார்.

"அவங்க இல்ல மேடம். வேற ஒருத்தர். யாருன்னு சொல்ல மாட்டேன்."

"எழுதலாம், சொல்லக் கூடாதா?"

நான் எழுந்து என் அறைக்கு வந்தேன். ஆனாலும் பயம் இல்லை. அந்த அம்மாள் கருவியை நாள் முழுக்கப் போட்டிருப்பார், கணினியில் பத்து மணி நேரம் என்று வரும், அறிவிப்பு தாளை மடித்துக்கொண்டு போவார், அவ்வளவுதான் என்று கணக்குப் போட்டேன். தைரியமாகவே அந்த அம்மாளுடைய பழைய கருவி விவரத்தைத் திறந்து பார்த்தேன். ஆறு மாதத்துக்கு முன்னால் கடைசியாக வந்தபோது எடுத்தது. ஒரு நாளைக்குச் சராசரியாக இரண்டு மணி நேரம்.

அந்த அம்மாள் நிஜமாகவே கழற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான் பொய்யாக எழுதியது அவர் வீட்டில் உண்மையாக நடந்துகொண்டிருந்தது. அப்போது அவர் என்னிடம் "வீட்ல சத்தமா இருக்கும்மா" என்று சொன்னதும், நான் ஏதோ சாமான் சத்தம் என்று நினைத்துக் கருவியின் ஒலியைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்ததும் நினைவுக்கு வந்தது. இத்தனைக்கும் நான் மனிதர்களைக் கூர்ந்து கவனிக்கிறவள் என்று என் வலைப்பூவின் முகப்பிலேயே போட்டிருந்தேன்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு இருவரும் வந்தார்கள். என் அறையில் நாற்காலி போதாமல் மைக் ஒன்று கொண்டுவந்து போட்டாள். இரண்டு நாளாக என்னிடம் வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினாள். மேடம் கதவருகில் நின்றார். அந்த அம்மாள் சிறிய உருவம், கண்ணாடி, மடியில் கைப்பை. இடது காதில் நீலப் புள்ளி.

"மிஷினை கம்ப்யூட்டர்ல போடுங்க" என்றார் அறிவிப்பு. "எத்தனை மணி நேரம்னு நீங்கதான் எழுதியிருக்கீங்களே, காட்டும்னு. நாள் முழுக்கப் போட்டிருக்கான்னு காட்டட்டும். இல்லன்னா இவங்களை வேலையை விட்டு அனுப்புங்க."

"இது அவங்க விவரம்" என்றேன். "அவங்க சொன்னாத்தான் காட்டுவேன்." மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆறு வருடத் தாமதம் என்று அந்தப் பார்வைக்குப் பொருள்.

நான் அந்த அம்மாளின் பக்கம் திரும்பி, "அம்மா, காட்டட்டுமா? வேணாம்னாலும் சரி" என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிடட்டும் என்று என் மனசு அடித்துக்கொண்டது.

"அவளுக்கு என்ன ஆட்சேபணை இருக்கப் போகுது, காட்டுங்க" என்றார் அறிவிப்பு.

"என்னைக் கேட்டாங்க" என்றார் அம்மாள். கருவியை அவரே கழற்றி என் கையில் வைத்தார். "காட்டும்மா."

திரையில் ஒரு மணி ஐம்பது நிமிடம் என்று வந்தது. அறிவிப்பு எழுந்து நின்றுவிட்டார். தன் மனைவியைப் பார்க்கவில்லை, மேடத்தைப் பார்த்தார். "பாத்தீங்களா மேடம்? என் வீட்டு விஷயம். என் வீட்டு விஷயத்தை எடுத்து..." குரல் உடைந்தது. நான் அவரை அதுவரை ஒரு கேலிப்பொருளாகத்தான் பார்த்திருக்கிறேன். அந்த நிமிஷம் எனக்கு அவர் மேல் பரிதாபமாக இருந்தது, என் மேல் அருவருப்பாக இருந்தது.

அம்மாள் கையை நீட்டினார். கருவியைக் கொடுத்தேன். நிதானமாகப் போட்டுக்கொண்டு, முடியைச் சரிசெய்துகொண்டு, "நான்தான் எழுதச் சொன்னேன்" என்றார்.

அறிவிப்பு மேடத்தை விட்டு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"நான்தான் இந்தப் பொண்ணுகிட்டச் சொன்னேன், எழுதச் சொன்னதும் நான்தான். உங்க தங்கச்சிக்கு அனுப்பினதும் நான்தான். அவ உங்களுக்கு அனுப்புவான்னு தெரியும்."

"ஏன், எனக்கே அனுப்ப வேண்டியதுதானே?" என்றார் அறிவிப்பு.

"உங்களுக்கே அனுப்பினா நீங்க அதையும் சத்தமாப் படிச்சு, எனக்கே விளக்கம் சொல்லியிருப்பீங்க."

மைக் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுடைய சிரிப்புச் சத்தம் கேட்டு, உடனே இருமலாக மாறியது. அறிவிப்பு உட்கார்ந்தார். தாளை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார்.

"இப்பப் போட்டிருக்கேன்" என்றார் அம்மாள். "சொல்லுங்க, கேக்கறேன். பேப்பர் வேணாம். நீங்க சொல்லுங்க."

அவருக்குச் சொல்ல எதுவும் வரவில்லை. தாளைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "கால் வலி எப்படி இருக்கு?" என்று கேட்டார். அந்த அம்மாள், "ஆறு மாசமா வலிக்குது" என்றார். இருவரும் எழுந்தார்கள்.

வாசலில் அம்மாள் என் கையைப் பிடித்தார். கணவர் முன்னால் போய்விட்டார். "யாரைப் பத்தி எழுதினியோ தெரியலம்மா. நல்லா எழுதியிருந்தே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, நான் பிழைத்துவிட்டேன். வாடிக்கையாளரே சொல்லி எழுதியது என்று ஆகிவிட்டது, இனி யாரும் என்னை அசைக்க முடியாது. மேடம் கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அவங்க உங்களை எழுதச் சொன்னாங்களா?"

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். நாக்கு நுனியில் இருந்தது. பதினாலு வருட வேலை, நாற்பத்து மூன்று வயது, இதை விட்டால் எனக்கு வேறு தொழில் தெரியாது. என் வீட்டுக்காரர் செய்தித்தாள் படிப்பாரே தவிர, வேலை காலி விளம்பரம் எனக்காகத் தேட மாட்டார். இருந்தும் அந்தச் சொல் வரவில்லை. யோக்கியம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். யாரோ ஒரு அம்மாள் தன் வீட்டையே பணயம் வைத்து எனக்காகப் பொய் சொல்கிறார், அந்தப் பொய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நாளையும் நான் எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்வதா? எனக்கு வெட்கமாக இருந்தது, அதுதான் உண்மை.

"இல்ல மேடம். அவங்க என்னைக் காப்பாத்தினாங்க. எழுதினது வேற ஒருத்தரைப் பத்தி. வெளிய போகாதுன்னு நான் வாக்குக் குடுத்த ஆளு."

"பேர் எனக்கு வேணாம்" என்றார் மேடம். "அவர்கிட்ட நீங்களே சொல்லுங்க. மறைக்காம முழுசாச் சொல்லுங்க. சொல்லிட்டு என்கிட்ட அனுப்புங்க. நீங்க இருக்கறதா போறதான்னு அவர் சொல்லட்டும்."

நான் அப்போதும் நம்பிக்கையாகத்தான் இருந்தேன். கடிகாரக்காரருக்கு என்னைப் பிடிக்கும். என் கையில் மட்டும்தான் கருவியைத் தருவார். பேர் வரவில்லை, ஊர் வரவில்லை, ஆணே பெண்ணாகிவிட்டார். சிரித்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன்.

அவர் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வந்தார். கருவியைக் கழற்றிக் கொடுத்தார். நான் தூரிகையால் துடைத்துக்கொண்டே, "ஐயா, நீங்க சொன்னதை நான் பிளாக்ல எழுதிட்டேன்" என்றேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கருவி என் கையில் இருந்தால் அவருக்கு என்ன கேட்கும்? தெரிந்தேதான் சொன்னேன். இவ்வளவு பெரிய கோழை நான் என்று அந்த நிமிஷத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

கருவியை அவர் காதில் மாட்டிவிட்டு, எதிரே உட்கார்ந்து, முதலில் இருந்து சொன்னேன். வெள்ளிக்கிழமை கேட்டது, திங்கட்கிழமை எழுதியது, நாற்பதாயிரம், அறிவிப்பு, அந்த அம்மாள். முடித்ததும் அவர், "படிக்கலாமா?" என்று கேட்டார். ஃபோனைக் கொடுத்தேன்.

ஒவ்வொரு வரியாகப் படித்தார். இரண்டு இடத்தில் சிரித்தார். கருவியைக் கழற்றிவிட்டு அம்மாள் தலையாட்டுகிற இடத்தில் ஒன்று, கணினி காட்டிக்கொடுக்கிற இடத்தில் ஒன்று. இரண்டும் சரியான இடங்கள். எனக்கு உள்ளே பெருமை பொங்கியது. அந்த நிலைமையிலும் பொங்கியது, மறைக்கவில்லை.

"என் பேர் இல்லையே" என்றார்.

"இல்ல ஐயா."

"சம்சாரத்துக்கும் தெரியாது."

"தெரியவே தெரியாது ஐயா. திருப்பிப் போட்டுட்டேன்."

"நல்லா வந்திருக்கு" என்றார். ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார். "மேடம் எங்க?"

நான் அவரை அழைத்துக்கொண்டு போனேன். மேடம் எழுந்து நின்றார். அவர் உட்காரவில்லை.

"இவங்க எழுதினது என்னைப் பத்திதான்" என்றார் மேடத்திடம். "நல்லா எழுதறாங்க. வேலையும் நல்லா செய்யறாங்க, என் மிஷின் ஒரு நாளும் கெட்டதில்ல. இவங்களை வீட்டுக்கு அனுப்ப வேணாம்."

எனக்கு மூச்சு வந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் இன்னும் முடிக்கவில்லை.

"ஆனா இனிமே எனக்கு வேற ஆளைக் குடுங்க."

"இங்க பொருத்தறது இவங்க ஒருத்தர்தான்" என்றார் மேடம்.

"அப்ப நீங்க பாருங்க. கஷ்டம்னா நான் வேற இடம் பாத்துக்கறேன்."

"ஐயா, அதை எடுத்துடறேன்" என்றேன். "இப்பவே அழிச்சிடறேன்."

"அழிக்க வேணாம்மா, நாலு பேர் சிரிக்கறாங்க" என்றார். அவர் குரலில் கோபம் துளிகூட இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் சமாளித்திருப்பேன், எனக்கு வாய் இருக்கிறது. "நாப்பது வருஷத்துல அதை உங்க ஒருத்தர்கிட்டதான் சொன்னேன். சொன்னப்ப நல்லா இருந்துச்சு. இனிமே உங்க முன்னாடி உக்காந்தா, இதையும் எழுதுவாங்களோன்னு யோசிச்சுதான் பேசணும். அப்படிப் பேசறதுக்கு எனக்கு வீட்டுலயே ஆள் இருக்கு."

மேடம் என்னை வேலையில் வைத்துக்கொண்டார். மைக்கிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "எதிர்க்கடைக்காரர் நிஜமாவே தலையாட்டறாரு அக்கா" என்றாள், ஒரு வாரம் கழித்து. அந்தப் பதிவைக் கடிகாரக்காரர் அழிக்க வேண்டாமென்று சொல்லியும் அழித்தேன். நாற்பதாயிரம் பேரில் எத்தனை பேர் அதை எங்கெங்கே ஒட்டி வைத்திருக்கிறார்களோ, அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. எழுதுவதை நிறுத்தவில்லை. எனக்கு நடந்ததை மட்டும் எழுதுகிறேன், முந்நூறு பேர் படிக்கிறார்கள். இதை எழுதுவதற்கு முன்னால் கடிகாரக்காரரைக் கேட்டேன். வரவேற்பில் நின்றுகொண்டே கேட்டேன். "எழுதுங்கம்மா" என்றார்.

போன வாரம் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை. மேடம் உள்ளே ஒருவருக்குச் சோதனை செய்துகொண்டிருந்தார், முடிய அரைமணி நேரம் ஆகும். என் அறையில் யாரும் இல்லை. கதவைத் திறந்தே வைத்திருந்தேன். தட்டைத் துடைத்து, தூரிகைகளை வரிசையாக அடுக்கி, நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தேன். பத்து மணிக்குக் கடிகாரக்காரர் வந்தார். என் வாசல் வரைக்கும் வந்து நின்று, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார். நல்லா இருக்கேன் ஐயா என்றேன். தலையாட்டினார். பிறகு திரும்பிப் போய் மேடத்தின் கதவுக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.